கறி கரியாகாமல் இருக்க: பார்பெக்யூ சாஸ் வாங்குவதும் செய்வதும்

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் கொண்டோ பார்பெக்யூ அடுப்பில் 20 பேருக்குச் சுடப்போகிறோம். 12 முழுக் கோழித் தொடை, 2 கிலோ லேம்ப் ஷோல்டர். போன தடவை பாட்டில் சாஸில் ராத்திரி முழுக்க ஊறவைத்துச் சுட்டோம். வெளியே கருகிக் கசந்தது, எலும்போரம் ரத்தம் நின்றது. எந்த சாஸ் வாங்கலாம்? குலா மலாக்கா (தென்னை வெல்லம்) போட்டு வீட்டில் செய்ய முடியுமா? எவ்வளவு செய்வது, மிச்சத்தை எத்தனை நாள் வைக்கலாம்?

பதில்:

அந்த பாட்டிலைக் குறை சொல்லிப் பயனில்லை. இனிப்பு சாஸில் ஊறவைத்ததுதான் தப்பு. பார்பெக்யூ சாஸ் ஊறவைக்கும் மசாலா இல்லை, வெந்த கறிமேல் கடைசியில் ஏற்றும் பூச்சு. இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டால் உங்கள் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

காரணம் சர்க்கரை. சாதாரணச் சீனி 160 டிகிரி செல்சியஸை ஒட்டி நிறம் மாறத் தொடங்கும். பழச்சர்க்கரையான ஃப்ரக்டோஸ் 110 டிகிரியிலேயே தொடங்கிவிடும். கனன்ற கரிக்கு நேர் மேலே இருக்கும் கம்பி வலை 250 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். முழுக் கோழித் தொடை வேக 40 நிமிடம் ஆகும். அத்தனை நேரம் சர்க்கரை பூசிய தோல் அந்தச் சூட்டில் கிடந்தால் பத்தாவது நிமிடத்திலேயே கறுக்கும். கறுத்ததைப் பார்த்து வெந்துவிட்டது என்று இறக்குவீர்கள், உள்ளே ரத்தம் இருக்கும். உங்களுக்கு நடந்தது இதுதான்.

அதனால் வேலையை மூன்றாகப் பிரியுங்கள். முதல் நாள் உப்பும் மசாலாவும். சுடும்போது, வேண்டுமானால், சர்க்கரை இல்லாத புளித்த தண்ணீர். கெட்டியான இனிப்பு சாஸ் கடைசி 5 முதல் 8 நிமிடத்தில் மட்டும். சாஸ் கடையில் வாங்கியதோ வீட்டில் காய்ச்சியதோ, இந்த வரிசை மாறாது.

முதலில் கடை சாஸ். பாட்டிலின் முன்பக்கத்தில் புகையும் நெருப்பும் படமாக இருக்கும், அதை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்புங்கள். மலேசிய லேபிளில் சேர்மானங்கள் எடை அதிகமானதிலிருந்து குறைந்ததற்கு இறங்கும். முதல் பெயர் சீனி அல்லது சோளச் சர்க்கரைப் பாகு என்றால் அது தொட்டுக்கொள்ள நன்றாக இருக்கும், நெருப்புக்கு ஆகாது. தக்காளி விழுதோ வினிகரோ முதலில் வந்தால் வாங்கலாம். பிறகு 100 கிராமுக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று பாருங்கள். 35க்கு மேல் இருந்தால் கடைசி 3 நிமிடம்தான் அதற்கு. 20, 25 என்றால் 8 நிமிடம் வரை தாங்கும். சோடியத்தை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும்: 100 கிராமில் 1000 மில்லிகிராம் சோடியம் என்பது இரண்டரை கிராம் உப்பு. அப்படிப்பட்ட சாஸ் பூசப்போகிறீர்கள் என்றால் கறியில் போடும் உப்பில் கால் பங்கைக் குறையுங்கள்.

பாட்டிலில் அடைத்த புகைச்சாறு கலந்த சாஸ் மின்சார அடுப்பில் சுடுகிறவர்களுக்கு உதவும். உண்மையான கரியில் சுடுகிறவருக்கு அது இரட்டைப் புகை. நாக்கில் மருந்து மாதிரி நிற்கும்.

பலர் செய்வதுபோல சில்லி சாஸ், தக்காளி சாஸ், கிச்சாப் (சோயா சாஸ்) மூன்றையும் சம அளவில் கலக்கிப் பூசுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். தொட்டுக்கொள்ளக் குறையில்லை. ஆனால் இந்த மலிவு சாஸ்களில் பலவற்றில் மாவுச்சத்து அதிகம், தக்காளி குறைவு. சூடு பட்டதும் மாவு பசையாகி வலையில் ஒட்டும், தோலோடு பிய்ந்து வரும்.

அமெரிக்க சாஸ் எல்லாம் ஒரே ஜாதி இல்லை என்பதையும் தெரிந்துகொண்டால் தேர்வு சுலபம். கெட்டியாக, கருஞ்சிவப்பாக, தக்காளியும் வெல்லப்பாகும் கலந்து வருவது கேன்சஸ் சிட்டி வகை. நம் கடைகளில் பெரும்பாலும் இதுதான், கோழிக்குப் பொருந்தும். வடக்கு கரோலைனாவின் கிழக்குப் பக்கத்தில் தக்காளியே கிடையாது. வினிகர், மிளகாய், உப்பு, கொஞ்சம் சர்க்கரை, அவ்வளவுதான். அது ரசம்போல ஓடும், கொழுப்பான பன்றியிறைச்சிக்கென்றே ஏற்பட்டது. தெற்கு கரோலைனாவில் கடுகு சாஸ். அலபாமாவில் மயோனைஸும் வினிகரும் மிளகும் கலந்த வெள்ளை சாஸ், 1925இல் டிக்கேட்டர் நகரத்தில் பிக் பாப் கிப்சன் கடையில் பிறந்தது. சுட்ட கோழியை அதில் முக்கி எடுப்பார்கள். நம் சூட்டில் மயோனைஸை மேசையில் மணிக்கணக்காக வைக்க முடியாது என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

லேம்புக்குக் கடுகு சாஸ்தான் என் தேர்வு. ஆட்டுக் கொழுப்பின் வாடையை இனிப்பு தூக்கிக் காட்டும், கடுகும் புளிப்பும் அடக்கும். பாட்டில் கடுகு விழுது 120 கிராம், வினிகர் 60 மி.லி., தேன் 40 கிராம், மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி, மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. அடுப்பே வேண்டாம், கலக்கி ஒரு மணி நேரம் வைத்தால் போதும். 2 கிலோவுக்குச் சரியாக வரும். இதில் சர்க்கரை குறைவு என்பதால் அவ்வளவு சீக்கிரம் கருகாது.

இனி குலா மலாக்கா சாஸ். இது வெளிநாட்டு சாஸுக்கு மாற்று ஏற்பாடு என்று நினைக்கவேண்டாம். பல பார்பெக்யூ பாட்டில்களில் சேரும் வூஸ்டர் சாஸின் லேபிளைப் படித்தால் அதில் புளி இருக்கும். ஆங்கிலேயர் தட்டில் ஊற்றும் எச்.பி. சாஸிலும் புளியும் பேரீச்சையும் உண்டு. கெட்சப் என்ற பெயரே ஹொக்கியன்காரர்கள் மீன் சாஸுக்குச் சொன்ன சொல்லிலிருந்து கிளம்பியது என்பது பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. நம் கிச்சாப்பும் அதன் உறவுதான். ஆக, பார்பெக்யூ பாட்டிலுக்குள் இருக்கும் புளிப்பும் கருப்பட்டி நிறமும் நம் அடுப்படிக்குப் புதிதில்லை.

கணக்கு: எலும்போடு ஒரு கிலோ கறிக்கு 150 மி.லி. சாஸ். அதில் 100 பூச, 50 மேசைக்கு. உங்கள் தொடை ஒன்று 280 கிராம் என்றால் 12 தொடை சுமார் 3.4 கிலோ, லேம்ப் 2 கிலோ, மொத்தம் 5.4 கிலோ, 800 மி.லி. சாஸ் போதும். கீழே உள்ள அளவு அதற்குத்தான். லேம்புக்குக் கடுகு சாஸ் பூசினாலும் இதைக் குறைக்க வேண்டாம், மேசையில் இதைத்தான் கேட்பார்கள்.

விதை நீக்கிய புளி 60 கிராம்
குலா மலாக்கா 180 கிராம்
தக்காளி கெட்சப் 250 கிராம்
சின்ன வெங்காயம் 120 கிராம்
பூண்டு 6 பல், இஞ்சி கட்டைவிரல் நுனி அளவு
காய்ந்த மிளகாய் 15
செராய் (எலுமிச்சைப்புல்) 2 தண்டு, வெள்ளை அடிப்பகுதி மட்டும்
கிச்சாப் மானிஸ் (இனிப்பு சோயா சாஸ்) 40 மி.லி., உப்புக் கிச்சாப் 20 மி.லி.
வினிகர் 60 மி.லி.
எண்ணெய் 40 மி.லி., உப்பு ஒரு தேக்கரண்டி
வறுத்துப் பொடித்த சீரகம், மல்லி, மிளகு தலா ஒரு தேக்கரண்டி
கிராம்பு 2

குலா மலாக்கா வாங்கும்போது கவனியுங்கள். அசல் என்பது தென்னம்பாளைப் பதநீரைக் காய்ச்சியது. மலிவுக் கட்டிகளில் வெள்ளைச் சீனி கலந்திருக்கும். லேபிளில் சேர்மானமாக அதுவும் எழுதியிருக்கும். கல்போல் இறுகி, வெளியும் உள்ளும் ஒரே வெளிர் நிறத்தில், கடித்தால் வெறும் இனிப்பு மட்டும் வந்தால் கலப்படம் என்று சந்தேகப்படலாம். நல்லது கத்திக்கு இளகி உதிரும், புகைந்த வாசம் வரும், இனிப்புக்குப் பின்னால் லேசான உப்புச்சுவை நிற்கும். பினாங்குப் பக்கம் கடையில் நிசான் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். தமிழ்நாட்டுப் பனங்கருப்பட்டி கையில் இருந்தால் அதையும் போடலாம். அது இன்னும் கறுப்பாக, காரலாக வரும், 20 கிராம் குறைத்துக்கொள்ளுங்கள்.

மிளகாயைக் கிள்ளி விதையை உதறி 20 நிமிடம் வெந்நீரில் ஊறவையுங்கள். புளியை 250 மி.லி. வெதுவெதுப்பான நீரில் கரைத்துச் சக்கையைப் பிழிந்து வடிகட்டுங்கள். அந்தப் புளிநீரிலேயே குலா மலாக்காவைச் சீவிப் போட்டு, கரையும்வரை மட்டும் சூடாக்கி மறுபடியும் வடிகட்டுங்கள். கட்டியில் நாரும் மண்ணும் இருப்பது சாதாரணம். வடிகட்டாமல் விட்டால் சாஸ் பல்லில் நறநறக்கும்.

மிளகாய், வெங்காயம், பூண்டு, இஞ்சியை மைய அரையுங்கள். எண்ணெய் காய்ந்ததும் நசுக்கிய செராயையும் கிராம்பையும் போட்டு, அரைத்த விழுதைச் சேர்த்துச் சிறு தீயில் கிளறுங்கள். 8 முதல் 10 நிமிடம் ஆகும். முதலில் விழுது எண்ணெயைக் குடித்துவிடும், வறண்டதுபோல் தெரியும்; அங்கே பயந்துபோய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். கொஞ்ச நேரத்தில் நிறம் செங்கல் சிவப்பிலிருந்து இருண்டு, ஓரத்தில் எண்ணெய் சிவப்பாகக் கசியும். மலாய்க்காரர்கள் பெச்சா மிஞாக் என்று சொல்லும் நிலை இதுதான். இது வருவதற்கு முன் புளிநீரை ஊற்றினால் பச்சை மிளகாய் வாடை கடைசிவரை போகாது, எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. சிலி போ (அரைத்த மிளகாய் விழுது) வாங்கி வைத்திருந்தால் 3 மேசைக்கரண்டி போடலாம், ஆனால் அதையும் இதே மாதிரி வதக்கியாக வேண்டும்.

சீரகம், மல்லி, மிளகுப் பொடிகளைப் போட்டு அரை நிமிடம் புரட்டி, உடனே புளி-குலா மலாக்கா நீர், கெட்சப், இரண்டு கிச்சாப், 150 மி.லி. தண்ணீர் எல்லாம் சேருங்கள். மூடாமல், அடிபிடிக்காமல் கிளறி, சிறு தீயில் 25 நிமிடம். வினிகரைக் கடைசி 5 நிமிடத்தில் ஊற்றுங்கள். புளியின் புளிப்பு டார்டாரிக் அமிலம், எவ்வளவு கொதித்தாலும் சட்டியிலேயே நிற்கும். வினிகரின் அசிட்டிக் அமிலம் ஆவியோடு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். முதலிலேயே ஊற்றினால் சமையலறை புளிக்கும், சாஸ் புளிக்காது. உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள்; கிச்சாப்பிலும் கெட்சப்பிலும் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

25 நிமிடத்தை 50 ஆக்கினால் இன்னும் ருசிக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. சர்க்கரையைப் புளிப்போடு நெடுநேரம் கொதிக்கவிட்டால் அது குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடையும். சாஸ் கண்ணாடிபோல் மினுங்கும், உண்மைதான். ஆனால் முன்னால் சொன்னேனே, ஃப்ரக்டோஸ் 110 டிகிரியிலேயே நிறம் மாறும். மினுமினுப்புக்காக நெருப்பைத் தாங்கும் சக்தியை விட்டுக்கொடுக்கிறீர்கள்.

செராயையும் கிராம்பையும் எடுத்துவிட்டு ஆறியபின் அரைத்து, பெரிய கண் வடிகட்டியில் தேய்த்து இறக்குங்கள். சூடாக பிளெண்டரில் போட்டால் மூடி எகிறும். பதம் பார்க்க ஒரு கரண்டி சாஸைத் தட்டில் விட்டு ஃப்ரிட்ஜில் 5 நிமிடம் வைத்து விரலால் கோடு கிழியுங்கள். கோடு மெதுவாக மூடவேண்டும். உடனே மூடினால் தண்ணீர் அதிகம், மூடவே இல்லையென்றால் பூசும்போது கட்டியாக நிற்கும். சட்டியில் கொதிக்கும்போது தோசைமாவைவிடச் சற்று நீர்த்திருந்தால் ஆறியதும் சரியாக இறுகும். சட்டியிலேயே கெட்டியாக்கிவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தப்பு. சோள மாவு போட்டு அவசரமாகக் கெட்டியாக்க வேண்டாம். புளிப்பில் கொதித்தால் மாவு மறுபடி நீர்த்துப்போகும், நெருப்பில் பசையாகும்.

ருசி தட்டினால் எதை எதால் சரிசெய்வது என்பதில் ஒரு நிதானம் வேண்டும். புளிப்பு தூக்கலாக இருந்தால் சர்க்கரையை அள்ளிப் போடாதீர்கள், கருகும் ஆபத்துதான் கூடும். வதக்கிய வெங்காய விழுதோ கெட்சப்போ 2 கரண்டி சேருங்கள், ஒரு சிட்டிகை உப்பும் புளிப்பை மட்டுப்படுத்தும். இனிப்பு அதிகமென்றால் வினிகர். உப்பு கூடிவிட்டால் உப்பில்லாத தக்காளி விழுதும் புளிநீரும். கசந்தால் கருகிய பூண்டோ கூடுதல் கிராம்போ காரணம். அதற்கு மருந்தில்லை, புதிதாகக் காய்ச்சவேண்டியதுதான். லீமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை) பிழிய ஆசைப்பட்டால் அடுப்பை அணைத்தபின் சாற்றை மட்டும் ஊற்றுங்கள். தோல் கொதித்தாலும் கசக்கும்.

பினாங்கில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் வழி: ஜாதிக்காய். பாலிக் பூலாவ் பக்கம் விளைவது, சௌராஸ்தா பசாரில் ஊறுகாயாகவும் கிடைக்கும். கொட்டையை ஒரு தேக்கரண்டியின் எட்டில் ஒரு பங்கு மட்டும் துருவி அடுப்பை அணைக்கும்போது போடுங்கள், கோழிக்கு அழகாகச் சேரும். அதற்குமேல் போனால் சோப்பு வாடை. அன்னாசி போட நினைப்பவர்கள் அதைச் சாஸோடு வேகவையுங்கள். பச்சை அன்னாசியில் உள்ள புரோமெலைன் என்ற நொதி கறியின் புரதத்தை உடைத்துக் கூழாக்கும், கொதித்தால் அது செத்துவிடும். டின் அன்னாசியில் அந்தப் பிரச்சனை இல்லை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் விருந்தில் இருந்தால் அவர்களுக்குக் காளானும் பன்னீரும் இந்தச் சாஸிலேயே சுடலாம், இதில் மீன் எதுவும் இல்லை. கடை சாஸ் என்றால் பாருங்கள்: லீ அண்ட் பெரின்ஸ் மாதிரி வூஸ்டர் சாஸில் நெத்திலி வகை மீன் உண்டு, அது பல பார்பெக்யூ பாட்டில்களிலும் ஒளிந்திருக்கும். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் இறக்குமதி சாஸில் மாட்டுச்சாறு சேர்ந்திருக்கிறதா என்றும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது. தனி வலை, தனி இடுக்கி வையுங்கள்.

இப்போது கறி. முதல் நாள் இரவு ஒரு கிலோவுக்கு 10 கிராம் உப்பு, ஒரு தேக்கரண்டி மஞ்சள், 2 தேக்கரண்டி மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது தடவி ஃப்ரிட்ஜில் வையுங்கள். தயிர் போடுகிற பழக்கம் இருந்தால் போடலாம், ஆனால் வலையில் வைக்குமுன் வழித்துவிடுங்கள், தயிரில் உள்ள பாற்சர்க்கரையும் கருகும். தொடையில் எலும்பை ஒட்டி இரண்டு கீறல் போட்டால் உப்பு இறங்கும், ரத்தமும் நிற்காது.

லேம்ப் ஷோல்டர் சவ்வும் கொழுப்பும் கலந்த பகுதி. 2 சென்டிமீட்டர் துண்டை நேர் நெருப்பில் பக்கத்துக்கு 4 நிமிடம் சுட்டால் நடு இளஞ்சிவப்பாக மெல்லக்கூடியதாக இருக்கும். முழுக்க வெந்தால்தான் சாப்பிடுவேன் என்பவர்கள் வீட்டில் அதிகம் என்றால் உப்பு மஞ்சளோடு குக்கரில் 10 நிமிடம் வேகவைத்து, ஈரம் போகத் துடைத்துக் காயவைத்து, பிறகு நிறத்துக்கு மட்டும் சுடுங்கள். நெருப்பிலேயே முழுக்க வேகவைக்கப் பார்த்தால் செருப்புத் தோல்.

கொண்டோக்களில் வலை உயரம் பெரும்பாலும் மாற்ற முடியாதபடி செங்கல்லில் பதித்திருக்கும். அதனால் சூட்டைக் கரியால்தான் கட்டுப்படுத்தவேண்டும். பாக்கெட்டில் வரும் சதுப்புநிலக் கரி, ஆராங் பாக்காவ், 3 கிலோ வாங்குங்கள். பேராக்கில் கோலா செப்பெத்தாங் கரிச்சூளைகளில் வேகும் இந்தக் கரி மாத்தாங் காட்டின் பாக்காவ் மரத்திலிருந்து வருகிறது; அங்கே 30 ஆண்டுச் சுழற்சியில்தான் வெட்டுகிறார்கள். அடர்த்தியான மரம் என்பதால் சீக்கிரம் சாம்பலாகாது. தேங்காய்ச் சிரட்டைக் கரியும் நல்லது, சூடு கொஞ்சம் கடுமை. காயாத நாரும் மட்டையும் போட்டுப் புகை காட்டாதீர்கள், கறியில் காரமான கரிச்சுவைதான் ஏறும்.

பற்றவைத்து 25 முதல் 30 நிமிடம் பொறுங்கள். கரியின்மேல் வெள்ளைச் சாம்பல் படர்ந்தபின் முழுவதையும் ஒரு பக்கம் தள்ளிவிடுங்கள். கரியுள்ள பக்கம் நேர் நெருப்பு, காலி பக்கம் மட்டான சூடு. வலைக்குப் பத்து சென்டிமீட்டர் மேலே உள்ளங்கையை வைத்து எண்ணிப் பாருங்கள்: 2 அல்லது 3 எண்ணுவதற்குள் கை தானாக இழுத்தால் அது தோல் நிறத்துக்கு, 5 அல்லது 6 தாங்கினால் சாஸ் பூச ஏற்ற இடம்.

தொடையை முதலில் காலி பக்கத்தில் வைத்து, இருந்தால் ஒரு தட்டைக் கவிழ்த்து மூடி, 30 நிமிடம் இரண்டு முறை திருப்பி வேகவிடுங்கள். பாதி வழியில், வறண்டு தெரிந்தால், 200 மி.லி. வினிகர், 200 மி.லி. தண்ணீர், 2 தேக்கரண்டி உப்பு, கொஞ்சம் மிளகாய்த்தூள் கலந்த நீரைத் தடவலாம். சாத்தே கடைக்காரர் செராய்த் தண்டின் அடியை நசுக்கித் தூரிகையாக்கி எண்ணெய் தடவுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவே இதற்கும் சிறந்த தூரிகை, நைலான் தூரிகை வலையில் உருகும். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தடவிக்கொண்டே இருந்தால் தோல் குளிர்ந்துகொண்டே இருக்கும், வேகும் நேரம் நீளும்.

தொடையின் தடித்த இடத்தில், எலும்பைத் தொடாமல், வெப்பமானியைக் குத்தி 74 டிகிரி வந்துவிட்டதா என்று பாருங்கள். அது பாதுகாப்புக்கான எல்லை. தொடைக்கறி 80ஐத் தாண்டினால்தான் சவ்வு இளகி எலும்பிலிருந்து கழலும். சிறு வெப்பமானி வாங்குவது வீண் செலவில்லை. நிறத்தைப் பார்த்து ஊகிப்பதுதான் போன தடவை உங்களைக் கெடுத்தது.

மிச்சச் சூடு பூசும் நேரத்தில் ஏறிவிடும் என்பதால், 75 டிகிரி வந்ததும் தோலை நேர் நெருப்பில் ஒரு நிமிடம் காட்டி உலரவிடுங்கள். ஈரமும் எண்ணெயும் நிற்கும் தோலில் சாஸ் வழுக்கி நெருப்பில் சொட்டும். உலர்ந்ததும் மட்டான இடத்துக்கு மாற்றி, சாஸை மெல்லிய படலமாக, தோல் நிறம் தெரியும் அளவுக்கு மட்டும் தடவுங்கள். முதலில் ஸ்ஸ் என்று சத்தம் வரும், ஓரங்களில் பெரிய குமிழிகள் வெடிக்கும். தண்ணீர் போகிறது என்று அர்த்தம். ஒன்றரை நிமிடத்தில் குமிழிகள் சிறுத்து நெருக்கமாகி, சிவப்பு சற்று இருண்டு, விரலில் ஒட்டும் பதம் வரும். அப்போது திருப்பி அடுத்த பக்கம். இரண்டாவது சுற்றில் இன்னொரு மெல்லிய படலம். மூன்று மெல்லிய பூச்சுக்கு முன்னால் ஒரு தடித்த பூச்சு நிற்காது. தடித்தது வெளியே தோலாகக் காய்ந்து உள்ளே கொழகொழப்பாக நிற்கும், கடிக்கும்போது முழுத் தகடாகக் கழன்று வரும். குமிழி நின்று வாசம் காரமாக மாறியதும் இறக்குங்கள். அடுத்த அரை நிமிடத்தில் கசப்பு.

கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் தண்ணீர் தெளிக்காதீர்கள், சாம்பல் பறந்து பூச்சில் ஒட்டும். துண்டை அடுத்த பக்கத்துக்குத் தள்ளுங்கள், தீ தானாக அடங்கும்.

பூசத் தொடங்குமுன் சாஸை இரண்டு கிண்ணமாகப் பிரித்துவிடுங்கள், ஒன்று தூரிகைக்கு, ஒன்று மேசைக்கு. கறியைத் தொட்ட தூரிகை முக்கிய கிண்ணத்தில் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். அதைத் திரும்ப பாட்டிலில் ஊற்றும் கஞ்சத்தனம்தான் மறுநாள் வயிற்றுப்போக்காக வரும்.

தொடாத மிச்ச சாஸை மறுபடி கொதிக்கவைத்து, வெந்நீரில் கழுவிக் காயவைத்த கண்ணாடி பாட்டிலில் சூடாகவே நிரப்பி மூடுங்கள். ஃப்ரிட்ஜில் மூன்று வாரம் தாங்கும், உறைபெட்டியில் மூன்று மாதம். வெளியில் அலமாரியில் வைக்க வேண்டாம். புளிப்பை அளக்கும் பிஹெச் தாள் வாங்கிப் பார்த்து 4க்குக் கீழே இருந்தாலும் பூண்டும் வெங்காயமும் உள்ள வீட்டுச் சாஸை நம் வெப்பத்தில் நம்பக்கூடாது. மூடியைத் திறக்கும்போது புஸ் என்று காற்று வந்தாலோ மேலே நுரை தெரிந்தாலோ ருசி பார்க்காமல் கொட்டுங்கள். கரிக்கு இடமில்லாத நாளில் ஏர் ஃப்ரையரில் தொடையை 180 டிகிரியில் 25 நிமிடம் சுட்டு, மிச்ச சாஸைத் தடவி 200இல் இன்னும் 4 நிமிடம் விட்டால், புகை வாசம் தவிர மற்றதெல்லாம் வந்துவிடும்.